கதவுப்பிடியில் சிவப்புக் கையுறை

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே ஸ்டூரே பட்டாணியை அடுப்பில் ஏற்றிவிட்டார். வியாழன் என்றால் பட்டாணி சூப், அதற்குப் பின் பான்கேக். ஸ்வீடன் முழுக்க அப்படித்தான். பள்ளிக்கூடத்திலும் அதுதான், பட்டாளத்திலும் அதுதான். ஆனால் ஸ்டூரேவுக்கு வியாழன் என்பது சாப்பாட்டுச் சமாச்சாரம் இல்லை. அன்றைக்குத்தான் மகள் மலின் தன் இரண்டு பிள்ளைகளையும் அவரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். மற்ற ஆறு நாளும் அவர் வியாழனுக்காகக் காத்துக் கிடந்தார், அவ்வளவுதான்.

வயது எழுபத்தெட்டு. நாற்பத்தோரு வருடம் யாம்ட்லாந்து மலைச்சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். ஆள் உயரப் பனிக்கு அடியில் சாலை எங்கே வளைகிறது, பாலத்தின் கைப்பிடி எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இத்தனை வருடத்தில் ஒரு தபால் பெட்டியைக்கூட இடித்ததில்லை என்பதைக் கேட்டவர்களுக்கும் சொல்லியிருக்கிறார், கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறார். மனைவி பேரித் போய் மூன்று குளிர்காலம் ஆகிறது.

அந்த மனிதர்தான் போன நவம்பரில் ஒருநாள் விடிகாலையில் எழுந்து, வேலை உடுப்பெல்லாம் மாட்டிக்கொண்டு, பதினோரு வருடம் முன்பே மூடிவிட்ட லாரி ஷெட்டுக்குப் போய் நின்றார். கேட்டில் பூட்டு தொங்கியது. அரை மணி நேரம் காரில் உட்கார்ந்து, யார் சாவி கொண்டுவரவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தவருக்கு, திடீரென்று விஷயம் உறைத்தது. வீட்டுக்கு வந்து காபி போட்டுக் குடித்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாபகத்தைச் சோதிக்க வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதம் ரொட்டிப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. அதில் போட்டிருந்த தேதி தாண்டிப் போய்விட்டது. மறந்து போனாரா, மறந்ததாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாரா என்பது அவருக்கே விளங்கவில்லை.

ஏழரைக்கு மலினின் கார் வந்து நின்றது. ஐந்து வயது தீரா முதலில் ஓடிவந்தாள். பின்னால் பதினோரு மாத வில்மரை இடுப்பில் வைத்துக்கொண்டு மலின். வாசலிலேயே பையை இறக்கினாள். ஆனால் உடனே கிளம்பவில்லை. அதிலேயே ஸ்டூரேவுக்குப் புரிந்துவிட்டது, ஏதோ இருக்கிறது என்று.

"அப்பா, பாலர் பள்ளியிலிருந்து லெட்டர் வந்திருக்கு. மார்ச்லேர்ந்து ரெண்டு பேருக்கும் வியாழக்கிழமை இடம் இருக்காம். நாளைக்குள்ள பதில் சொல்லணும்."

"இடம் எதுக்கு? நான் இருக்கேன்ல?"

"இருக்கீங்க." மலின் அவர் முகத்தையே பார்த்தாள். "போன வாரம் ஒரே கேள்விய மூணு தடவ கேட்டீங்கப்பா. வில்மர் சாப்பிட்டானா, சாப்பிட்டானான்னு."

"பேரன் சாப்பிட்டானான்னு கேட்டது ஒரு குத்தமா? உங்கம்மா உன்னப் பத்தி நாளைக்கு முப்பது தடவ கேட்பா."

"நான் சண்டைக்கு வரலப்பா. இன்னைக்கு எப்படிப் போகுதுன்னு பாக்கலாம். நல்லாப் போனா அந்த இடம் வேணாம்னு எழுதிடறேன். வியாழன் உங்களுது. இல்லன்னா..." மேலே சொல்லாமல் பையிலிருந்து வெள்ளை நிறத்தில் இரண்டு சின்னக் கருவிகளை எடுத்தாள். "இது ஒலிவாங்கி. ஒண்ண தள்ளுவண்டில வெச்சுட்டு ஒண்ண நீங்க வெச்சுக்கங்க. அவன் வெளிய தூங்கும்போது முழிச்சு அழுதா உள்ள கேட்கும்."

"உன்ன எதை வெச்சு வளர்த்தோம்? ரேடியோ வெச்சா?"

அவர் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய சிவப்புக் கம்பளிக் கையுறையைக் காட்டினார். கட்டைவிரல் அளவுக்குத்தான் இருக்கும். மலின் குழந்தையாக இருந்தபோது பேரித் பின்னியது. அந்த ஊர் வழக்கப்படி குழந்தை பகலில் வெளியே குளிரில் தள்ளுவண்டியில் தூங்குகிறது என்றால் அந்தக் கையுறை கதவுப்பிடிக்கு வரும். குழந்தை உள்ளே வந்துவிட்டால் ஆணிக்குப் போகும். அந்தப் பிடியைத் தொடாமல் யாரும் வெளியே போக முடியாது. பேரித்தின் சட்டம் அது. முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய சட்டம்.

மலின் சிரித்துவிட்டாள். பாவம், அந்தச் சிரிப்பில் அவளே ஏமாந்தாள். கருவிகளை ஃபிரிட்ஜ் மேலே வைத்துவிட்டு, "நாலு மணிக்கு வந்துடுவேன்" என்று கிளம்பினாள்.

அந்தக் காலைப்பொழுது நன்றாகவே போனது. அதை இல்லை என்று சொல்ல முடியாது. தீரா தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு லாரி வரைந்தாள். வில்மர் விறகுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு கட்டையாக வெளியே எறிந்தான். ஸ்டூரே ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

"தாத்தா, என் லாரிக்கு எத்தன சக்கரம் போடணும்?"

"பத்து."

"நீ ஓட்டின லாரி பேரு என்ன?"

ஸ்டூரே வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. நாற்பத்தோரு வருடம் கூடவே இருந்த லாரிக்குக் கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்து ஒரு செல்லப் பெயர் வைத்திருந்தார்கள், கதவில்கூட எழுதியிருந்தது. நாக்கு நுனியில் நின்றது. வரவில்லை.

"என்ன தாத்தா, மூளைல பனி விழுந்துடுச்சா?" தீரா தலையைத் தூக்கிச் சிரித்தாள். "லாரிய கூப்பிடவா, தள்ளறதுக்கு?"

அவரும் சிரித்தார். அடக்க முடியாமல் சிரித்தார். ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று சில்லிட்டு உட்கார்ந்துகொண்டது.

பதினோரு மணிக்கு வில்மர் கண்ணைக் கசக்க ஆரம்பித்தான். ஸ்டூரே ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தார். மைனஸ் ஏழு. மெல்லிய பனி, காற்றில்லை. இதைவிட நல்ல தூக்கம் எங்கே கிடைக்கும்? வீட்டுக்குள் அடுப்புக் கதகதப்பில் தூங்க வைத்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பதில் அந்த ஊரில் இரண்டு கருத்துக் கிடையாது. அவனுக்குக் கம்பளி உள்ளுடுப்பு, அதன்மேல் இன்னொரு கம்பளி, காது மூடிய குல்லா. ஆட்டுத்தோல் பைக்குள் கழுத்து வரை நுழைத்துத் தள்ளுவண்டியில் கிடத்தினார்.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. முன்வாசலில் நிறுத்தவில்லை, கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரியும் இடம் அது. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், விறகுக் கொட்டகைக்கும் சுவருக்கும் இடையில், காற்றுப் படாத மூலையில் நிறுத்திச் சக்கரத்தைப் பூட்டினார். இரண்டு ஆட்டு ஆட்டுவதற்குள் வில்மர் தூங்கிவிட்டான். உள்ளே வந்து ஆணியிலிருந்து கையுறையை எடுத்துக் கதவுப்பிடியில் மாட்டினார். தீரா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒலிவாங்கி ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. அது அவருக்கு ஒரு அவமானம் மாதிரி இருந்ததால் அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பிறகு சாப்பாடு. சூப்பில் கடுகு விழுது கலந்து தீரா மூக்கைச் சுளித்துக்கொண்டே குடித்தாள். பான்கேக்குக்கு ஸ்ட்ராபெரி ஜாம். ஆறு தின்றாள். ஏழாவதைச் சுருட்டி வாயில் சுருட்டு மாதிரி வைத்துக்கொண்டு, தாத்தாவின் குரலில், "ஒரு தபால் பெட்டியக்கூட இடிச்சதில்ல!" என்றாள்.

"போக்கிரி! யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"அம்மாதான். அம்மா அப்படித்தான் உன்ன மாதிரி பேசிக் காட்டுவா. அப்பா விழுந்து விழுந்து சிரிப்பாரு."

அப்புறம் சமையலறை சோபாவில் பூனை மாதிரி சுருண்டாள். ஸ்டூரே போர்த்திவிட்டார். ஒரு நிமிஷத்தில் தூங்கிப்போனாள்.

பாத்திரம் கழுவினார். வானொலியில் சாலை நிலவரம் சொன்னார்கள், கேட்டார். இன்றைக்கும் ஒரு நாள் தவறாமல் அதைக் கேட்பார். மேகம் கலைந்துவிட்டது, மதியத்துக்கு மேல் குளிர் கடுமையாகும், மைனஸ் பதினைந்து, இருபது வரை போகலாம் என்றார்கள். வெளியே பார்த்தார். காலையில் பெய்த பனி பாதையில் கணுக்கால் அளவு கிடந்தது. மலின் நாலு மணிக்கு வருவாள். இறுகி உறைவதற்கு முன் பாதையைச் சுத்தம் பண்ணிவிட வேண்டும். கேட்டிலிருந்து வாசல் வரை கோடு போட்ட மாதிரி இருக்க வேண்டும். அவள் பார்க்கட்டும். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அந்தப் பாதையே சொல்லட்டும்.

மேல்கோட்டை மாட்டினார். காதை மூடும் கவசத்தை எடுத்துக்கொண்டார். கதவுப்பிடியில் கை வைத்தார்.

பிடியில் ஒரு சின்னச் சிவப்புக் கையுறை இருந்தது.

அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். எவ்வளவு சின்னது. பேரித்தின் பின்னல், அந்த விளிம்பு வேலை அவருக்குத் தெரியாதா? லேசாக ஈரமாக இருந்தது, அவருடைய கைப் பனி பட்டு. 'இந்தப் பிள்ளைகள் எதையும் கண்ட இடத்தில் போட்டுவிடுகின்றன' என்று வாய்க்குள் முனகிக்கொண்டே, விறகடுப்புக்கு மேலே துணி உலர்த்தும் கம்பியில் நேராக விரித்துப் போட்டார். ஒரு ஓரம் மடிந்திருந்தது. அதையும் நீவி விட்டார். அப்புறம் வெளியே போனார்.

பனி வாரி எறியும் மெஷினைக் கிளப்பினார். அதன் சத்தத்தில் எதிரில் நின்று கத்தினாலும் கேட்காது. காதுக்கவசம் வேறு. கேட்டிலிருந்து ஆரம்பித்து, ஒரு வரிசை போய் ஒரு வரிசை வந்து, பனியை இடது பக்கம் சீராக ஒதுக்கினார். ஒரு மணி நேரம் அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. கை தன் வேலையை அறிந்திருந்தது. கடைசி வரிசை முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. பாதை நீல வெளிச்சத்தில் வகிடு எடுத்த மாதிரி கிடந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சந்தோஷமாக இருந்தார்.

உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றும்போது தீரா சோபாவில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் தலையணை அச்சு. கடிகாரத்தில் மணி இரண்டே கால்.

"வில்மர் எங்க தாத்தா?"

"வில்மரா?" ஸ்டூரே கையைத் தேய்த்துக்கொண்டே அடுப்புப் பக்கம் போனார். "அவன் இன்னைக்கு வரலியேம்மா."

தீரா சிரிக்கவில்லை. பனி விழுந்துடுச்சா என்று கேட்கவில்லை. கதவுப்பிடியைப் பார்த்தாள். அது வெறுமையாக இருந்தது. ஆணியைப் பார்த்தாள். அதுவும் வெறுமையாக இருந்தது.

"கையுறை எங்க?"

அவர் அண்ணாந்தார். அடுப்புக்கு மேலே கம்பியில், நன்றாக நீவிவிட்டபடி, சிவப்பாக, காய்ந்துபோய்த் தொங்கியது.

எப்படிப் போனார் என்று அவருக்குத் தெரியாது. காலில் காலுறை மட்டும்தான் இருந்தது. வீட்டைச் சுற்றிப் பனியில் ஓடினார். இரண்டு தடவை விழுந்தார். கொட்டகை மூலையில் வண்டி நின்றது. சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாததுதான் அவரைக் கொன்றது.

வில்மர் தோல் பைக்குள்ளிருந்து பாதி வெளியே வந்திருந்தான். குல்லா ஒரு காதை விட்டு விலகியிருந்தது. அழுது அழுது ஓய்ந்துபோயிருக்க வேண்டும். கண்ணீர் கன்னத்தில் இறுகியிருந்தது. கண் திறந்திருந்தது. தாத்தாவைப் பார்த்ததும் வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது, குரல் வரவில்லை. காது மடலின் ஓரமும் கன்னத்தில் ஒரு காசு அளவும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன.

"என் ராசா, என் ராசா" என்றார். வேறொன்றும் வாயில் வரவில்லை.

இனி என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தது. அதுதான் கொடுமை. பனியில் உறைந்தவனைத் தேய்க்கக் கூடாது, அடுப்புக்கு முன்னால் நேரடியாக வைக்கக் கூடாது. மலையில் வழி தவறியவர்களை எத்தனை தடவை லாரியில் ஏற்றியிருக்கிறார். அவனை உள்ளே தூக்கிவந்து, தன் சட்டையைப் பிய்த்துக்கொண்டு திறந்து, குழந்தையின் உடுப்பை உருவி, வெறும் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்துப் போர்வைக்குள் உட்கார்ந்தார். வெளுத்த காதைத் தன் உள்ளங்கையால் மூடினார். தீரா சொல்லாமலே பாலைக் கொண்டுவந்தாள். போர்வையின் ஓரத்தைச் செருகிவிட்டாள். வெந்நீரில் பால் புட்டி சூடாக எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. ஐந்து வயதில் அது தெரிந்திருக்கக் கூடாது.

இருபது நிமிஷத்தில் வில்மர் நடுங்க ஆரம்பித்தான். பிறகு அழுதான், கம்மிப்போன குரலில், காக்கைக்குஞ்சு மாதிரி. அந்த அழுகை போல ஒரு சத்தத்தை ஸ்டூரே வாழ்நாளில் கேட்டதில்லை. கன்னத்து வெளுப்பு முதலில் சிவந்தது, பிறகு காது. பால் குடித்தான். மூன்றரை மணிக்கு அவர் மடியில் உட்கார்ந்து, அவருடைய மூக்கைப் பிடித்து இழுத்தான்.

பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. குரல் மட்டும் கம்மியிருந்தது. அதற்கென்ன, சளி என்று சொல்லிவிடலாம். காது கொஞ்சம் சிவந்திருந்தது. தூங்கும்போது ஒருக்களித்துப் படுத்திருந்தான் என்று சொல்லலாம். இதெல்லாம் அவர் மனதில் வரிசையாக வந்தன. வரவில்லை என்று பொய் சொல்ல நான் தயாராக இல்லை. வியாழக்கிழமையை விட்டால் அந்த மனிதருக்கு என்ன இருக்கிறது? ஒரு சாலை நிலவரமும் ஒரு ரொட்டிப் பெட்டியும்.

தீரா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, நான் எடுத்தேன்னு சொல்லிடலாம்."

"எத?"

"கையுறைய. என் பொம்மைக்குக் குளிருதுன்னு நான் எடுத்துப் போட்டேன், அதனாலதான் நீ மறந்துட்டன்னு. அம்மா என்னத் திட்டுவா, அவ்வளவுதான். கொஞ்ச நேரம்தான் திட்டுவா."

அவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறாள். எத்தனை வியாழக்கிழமைகளாக இவள் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்? தம்பி சாப்பிட்டானா என்று அவர் மூன்றாவது தடவை கேட்டபோது மூன்றாவது தடவையும் பொறுமையாகப் பதில் சொன்னது யார்? அவர்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார் என்று மலின் நினைத்தாள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

"வேணாம்டா கண்ணு. நீ எடுக்கல. நான்தான் எடுத்தேன். கதவுல இருந்துச்சு, பாத்தேன், எதுக்கு இருக்குன்னு எனக்குத் தெரியல. இத நான் அம்மாகிட்ட சொல்லணும்."

"சொன்னா நாங்க வரமாட்டோம்."

"தெரியும்."

மணி மூன்றே முக்கால். இப்போது அவருக்கு ஒரு புதுப் பயம் வந்தது. இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. அந்தக் கால் மணி நேரத்துக்கு இது தலையில் நிற்குமா? கம்பியிலிருந்து கையுறையை எடுத்துத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டார். இறுக்கமாக நின்றது.

"தீரா, ஒரு சத்தியம் பண்ணு. அம்மா வந்ததும் நான் சொல்லணும். சொல்லாம வேற எதாவது பேசிட்டு நின்னேன்னா, என் கால மிதி. பலமா மிதிக்கணும்."

தீரா அவர் விரலிலிருந்த கையுறையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

நாலு மணிக்குக் கார் வெளிச்சம் ஜன்னலில் பட்டது. மலின் காலிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா! பாதையப் பாத்தேன். ஏர்போர்ட் மாதிரி இருக்கு!"

ஸ்டூரேவின் முகம் மலர்ந்தது. "கேட்லேர்ந்து ஆரம்பிச்சேன். மெஷின் புதுசு மாதிரி ஓடுது. உறையறதுக்குள்ள எடுத்துடணும்னு பாத்தேன். ராத்திரி மைனஸ் இருபதாம்."

"பிள்ளைங்க?"

"தங்கம். ரெண்டும் தங்கம். இவ ஏழு பான்கேக் தின்னா. காபி குடிச்சுட்டுப் போ, போட்டு வெச்சிருக்கேன்."

மலின் வில்மரைத் தூக்கி முத்தமிட்டாள். தோள் தளர்ந்து, நாள் முழுக்க எதையோ சுமந்தவள் இறக்கி வைத்த மாதிரி உட்கார்ந்தாள். "சரிப்பா. அந்த இடம் வேணாம்னு எழுதிடறேன். நானாத்தான் பயந்துட்டேன் போல" என்றாள். அவர் அவளுக்குக் காபி ஊற்றினார்.

"அது என்னப்பா விரல்ல?"

ஸ்டூரே தன் கட்டைவிரலைப் பார்த்தார். சிவப்புக் கம்பளி. சின்னது. பேரித்தின் பின்னல். திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. மேலே என்ன செய்வது என்று தெரியாமல் தீராவைப் பார்த்துச் சிரித்தார்.

தீரா மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் நிரம்பியிருந்தது. சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்திருந்தால் அடுத்த வியாழனும் பான்கேக்தான். அவள் மெதுவாக வந்து, தாத்தாவின் காலுறை மேல் தன் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றாள். முழு பலத்தோடு.

காபிக் கெண்டி அவர் கையில் நின்றுபோனது. அதைக் கீழே வைத்தார்.

"மலின்," என்றார். "உட்காரு. இல்ல, உட்கார்ந்துதான் இருக்க. குழந்தைய வெளிய தூங்கவெச்சு மறந்துட்டேன். கையுறை கதவுலதான் இருந்துச்சு. நானே எடுத்துக் காயப் போட்டேன். அழுதிருக்கான், மெஷின் சத்தத்துல கேட்கல. இவ கேட்டப்ப, வில்மர் இன்னைக்கு வரலன்னு சொன்னேன்."

மலின் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். குழந்தையின் உடுப்பை மறுபடி கழற்றி, விளக்குக்கு அடியில் வைத்து விரல் விரலாகப் பார்த்தாள். காதைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம்?"

"தெரியல."

"மூணு மணி நேரம்," என்றாள் தீரா.

மலின் பிள்ளைகளுக்கு உடுப்பு மாட்டினாள். அவசரத்தில் ஜிப் சிக்கிக்கொண்டது. ஸ்டூரே உதவிக்குக் குனிந்தார். அவள் உடம்பைத் திருப்பிக்கொண்டாள். உடனே அதற்காக வருத்தப்பட்டு அவர் தோளைத் தொட்டாள். அழுதாள். "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன். நாளைக்கு நான் எழுதிடறேன்பா, பாலர் பள்ளிக்கு" என்றாள்.

"எழுது," என்றார் அவர். "எழுதித்தான் ஆகணும்."

அவர்கள் போனபின் ஆணியில் கையுறையை மாட்டினார். அந்த ஒரு ராத்திரி முழுக்க அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஸ்டூரே பட்டாணியை அடுப்பில் ஏற்றினார். ஐந்து மணிக்கே எழுந்து பாதையைச் சுத்தம் பண்ணியாகிவிட்டது. மேஜையில் மூன்று கிண்ணம் வைத்தார். ஏழரை ஆயிற்று. ஏழே முக்கால் ஆயிற்று. எட்டு மணிக்குத் தொலைபேசியை எடுத்தார்.

"மலின், கிளம்பலியா? பாதையெல்லாம் சுத்தமா இருக்கு."

"அப்பா, நேத்துதானே பேசினோம். முந்தாநேத்தும் பேசினோம். இன்னொரு வாரத்துக்கு நான் லீவு போட்டிருக்கேன். அப்புறம் பாலர் பள்ளில முன்னாடியே சேத்துக்கறாங்க."

"எதுக்கு பாலர் பள்ளி? என்ன ஆச்சு?"

மலினுக்கு அதை மறுபடி சொல்ல வாய் வரவில்லை. ஒரு தடவை சொல்லிவிட்டாள். இரண்டு தடவை சொல்லிவிட்டாள். இரண்டு தடவையும் அவர் அப்போதுதான் கேட்கிற மாதிரி உடைந்து அழுததைக் கேட்டிருக்கிறாள். மூன்றாவது தடவை, மறந்தது அவர்தான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டாள்.

"வில்மர வெளிய தூங்க வெச்சு மறந்துட்டாங்கப்பா. மூணு மணி நேரம் குளிர்ல கெடந்தான்."

ஸ்டூரேவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகலியே?"

"இல்லப்பா. நல்லா இருக்கான்."

"மூணு மணி நேரமா! மனுஷங்களா அவங்க? என்னம்மா நீ, அப்படிப்பட்டவங்கள நம்பி எப்படிப் பிள்ளைய விட்ட?" அவ்வளவு கோபம் அவருக்கு வந்து வருடக்கணக்காகிறது. "இனிமே யார்கிட்டயும் விடாத. இங்க கொண்டு வா. நான் இருக்கேன்."

அவர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே, நாலாவதாக இன்னொரு கிண்ணத்தை எடுத்து மேஜையில் வைத்தார், அவளும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று.